எல்லோருக்கும் ஒரே நோட்டு

1. மணியின் கணக்கு

பூதிகோட்டைக்கும் கோலார் தங்கவயலுக்கும் தூரம் அதிகம் இல்லை. சுரங்கத்தில் வேலை செய்த பெரியவர்கள் இன்றும் அந்தக் கதைகளைச் சொல்வார்கள். நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமானது. தொழிலாளர்கள் கூண்டில் ஏறிப் பூமிக்குள் இறங்குவார்கள். கூண்டை இயக்குபவர் மேலே, எஞ்சின் அறையில் இருப்பார். கீழே நடப்பது அவர் கண்ணுக்குத் தெரியாது. மணிச் சத்தம்தான் அவருக்குச் சேதி. இத்தனை மணி அடித்தால் நிறுத்த வேண்டும். இத்தனை அடித்தால் ஏற்ற வேண்டும். இத்தனை அடித்தால் இறக்க வேண்டும்.

அந்தக் கணக்கு எல்லோருக்கும் ஒன்றுதான். கீழே இருப்பவர் ஒரு கணக்கும் மேலே இருப்பவர் வேறு கணக்கும் வைத்திருந்தால் என்ன ஆகும்? எல்லோரும் நல்லவர்களாக இருந்தாலும், எல்லோரும் வேலை தெரிந்தவர்களாக இருந்தாலும், கூண்டில் இருப்பவர் உயிருக்கு ஆபத்துதான்.

2001இல் அந்தச் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆனால் அந்த மணியின் பாடம் வேறு வேலைகளுக்கும் பொருந்தும். ஆட்டிசம் உள்ள ஒரு குழந்தையைப் பலர் சேர்ந்து கவனிக்கும் வேலைக்கு அது மிகவும் பொருந்தும். எப்படி என்று பார்ப்போம்.

2. ஆட்டிசம் என்றால் என்ன?

ஆட்டிசம் ஒரு தொற்றுநோய் அல்ல. பைத்தியம் அல்ல. மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு அது. பிறவியிலேயே இருப்பது. வாழ்நாள் முழுவதும் இருப்பது.

ஆட்டிசம் உள்ளவர்கள் உலகத்தைப் பார்ப்பதும் கேட்பதும் கொஞ்சம் வேறு விதமாக இருக்கும். நமக்குச் சாதாரணமாகத் தெரியும் குக்கர் விசில் அவர்களுக்குக் காதைக் கிழிப்பது போல இருக்கலாம். சட்டையின் தையல் முள்ளாகக் குத்தலாம். சிலர் நன்றாகப் பேசுவார்கள். சிலருக்குப் பேச்சே வராது. சிலர் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள். தினமும் போகும் வழி மாறினால் கலங்கிப் போவார்கள். சிலருக்குப் படிப்பில் உதவி வேண்டும். சிலர் கல்லூரி வரை போய் வேலையும் பார்ப்பார்கள். ஒருவரைப் போல இன்னொருவர் இருக்க மாட்டார்.

1943இல் அமெரிக்காவில் லியோ கேனர் என்ற டாக்டர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். அதன் பிறகுதான் ஆட்டிசம் பற்றி உலகம் பேசத் தொடங்கியது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021இல் உலகில் சுமார் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருந்தது. அப்படியென்றால் ஒவ்வொரு பெரிய ஊரிலும் இப்படிச் சிலர் இருப்பார்கள்.

ஒரு காலத்தில், தாய் அன்பு காட்டாததால்தான் ஆட்டிசம் வருகிறது என்று படித்தவர்களே சொன்னார்கள். அது தவறு என்று பிறகு தெளிவாகிவிட்டது. தாய் காரணம் அல்ல. தடுப்பூசி காரணம் அல்ல. கிரகணம் காரணம் அல்ல. முன்பிறவிப் பாவமும் அல்ல.

ஆட்டிசத்தை நீக்கும் மருந்து கிடையாது. ஆனால் உதவி உண்டு. சின்ன வயதிலேயே உதவி தொடங்கினால் நல்லது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு வயதிலும் திரும்பிப் பார்க்காத குழந்தை, ஒன்றரை வயதிலும் விரலை நீட்டி எதையும் காட்டாத குழந்தை, பேசிய சொற்களை மறந்துவிடும் குழந்தை, இவர்களை டாக்டரிடம் காட்ட வேண்டும். காதையும் சோதிக்க வேண்டும். காது கேளாமையாகவும் இருக்கலாம்.

3. யார் யார் உதவுகிறார்கள்?

ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு ஒரே ஒருவர் எல்லா உதவியும் செய்ய முடியாது. பலர் வேண்டும்.

டாக்டர்: உடலில் வேறு நோய் உண்டா என்று பார்ப்பார். வலிப்பு, தூக்கமின்மை, மலச்சிக்கல், பல்வலி போன்றவற்றுக்கு வழி செய்வார்.

உளவியலாளர்: குழந்தையின் வளர்ச்சியைச் சோதித்துப் பார்ப்பார். பெற்றோரின் மனச் சுமையையும் கேட்பார்.

பேச்சுப் பயிற்சியாளர்: நாம் சொல்வதைப் புரிந்துகொள்ளவும், தனக்கு வேண்டியதைச் சொல்லவும் குழந்தைக்குக் கற்றுத் தருவார். வாயால் சொல்ல முடியாவிட்டால் படம், சைகை, கருவி மூலம் சொல்ல வழி காட்டுவார்.

ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்: இவரைச் சுருக்கமாக ஓ.டி. என்பார்கள். சாப்பிடுவது, சட்டை போடுவது, எழுதுவது போன்ற அன்றாட வேலைகளைப் பழக்குவார். சத்தம், வெளிச்சம், தொடுதல் ஆகியவற்றால் வரும் தொல்லையைக் குறைக்க வழி சொல்வார்.

நடத்தை ஆய்வாளர்: ஒரு குழந்தை ஏன் இப்படிச் செய்கிறது என்று ஆராய்பவர். அதற்கு முன் என்ன நடந்தது, பிறகு என்ன நடந்தது என்று கவனிப்பார். புதிய பழக்கத்தைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்துக் கற்றுத் தருவார்.

சிறப்பு ஆசிரியர்: பள்ளிப் பாடத்தைக் குழந்தைக்கு ஏற்றபடி மாற்றிச் சொல்லித் தருவார்.

இவர்களோடு அங்கன்வாடி ஊழியர், ஆஷா ஊழியர், வகுப்பு ஆசிரியர் ஆகியோரும் உண்டு. எல்லோருக்கும் மேலாக வீட்டில் இருப்பவர்கள் உண்டு. நாள் முழுவதும் குழந்தையோடு இருப்பவர்கள் அவர்கள்தானே?

4. யார் பேச்சைக் கேட்பது?

பூதிகோட்டைப் பக்கத்தில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். இது கற்பனைக் குடும்பம்தான். ஆனால் இப்படிப்பட்ட சங்கடம் பல வீடுகளில் உண்டு.

அப்பா பெயின்ட் வேலைக்குப் பங்காரப்பேட்டையில் ரயில் ஏறிப் பெங்களூர் போகிறார். அம்மா தக்காளித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறாள். மகனுக்கு 6 வயது. ஆட்டிசம் உண்டு. பேச்சு வரவில்லை. சில நாட்களாகத் தன் கையைத் தானே கடித்துக்கொள்கிறான். கையில் தழும்பு விழுந்துவிட்டது.

அம்மா அலைந்தாள். ஒவ்வொருவரும் ஒன்று சொன்னார்கள்.

நடத்தை ஆய்வாளர் சொன்னார்: "கடிக்கும்போது கவனிக்காதீர்கள். அமைதியானதும் பாராட்டுங்கள்."

ஓ.டி. சொன்னார்: "கடித்த உடனே இறுக்கி அணைத்துக்கொள்ளுங்கள். அவனுக்கு அது ஆறுதல்."

பேச்சுப் பயிற்சியாளர் பட அட்டைகள் கொடுத்தார். பள்ளியில் அந்த அட்டைகளை யாரும் பார்க்கவில்லை.

டாக்டர் தூக்கத்துக்கு மருந்து எழுதினார். அந்த மருந்தால் பையன் வகுப்பில் சோர்ந்து கிடந்தான். ஆசிரியைக்குக் காரணம் தெரியாது.

"வீட்டில் தமிழை விடுங்கள். கன்னடம் மட்டும் பேசுங்கள்" என்று ஒருவர் சொன்னார். பாட்டிக்குத் தமிழைத் தவிர வேறு பாஷை வராது. பாட்டி பேரனோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

ஒருநாள் ஆஷா ஊழியர் வீட்டுக்கு வந்தார்.

"என்னம்மா, இப்படி உட்கார்ந்திருக்கே?"

"என்ன பண்றதுக்கா? ஒருத்தர் கவனிக்காதேங்கிறாங்க. ஒருத்தர் கட்டிப் பிடிங்கிறாங்க. ஒரு தடவை பெங்களூர் போய் வந்தா ஒருநாள் கூலி போகுது. நான் யார் பேச்சைக் கேக்கறது?"

"அவங்க எல்லாரும் ஒருத்தரோடு ஒருத்தர் பேசினாங்களா?"

"எங்கேக்கா? அவங்கவங்க சீட்டு அவங்கவங்க எழுதித் தராங்க."

இங்கேதான் கோளாறு. யாரும் கெட்டவர்கள் இல்லை. அவரவர் வேலை அவரவருக்குத் தெரியும். ஆனால் மணியின் கணக்கு ஆளுக்கொன்றாக இருக்கிறது. கூண்டில் இருப்பதோ குழந்தை.

5. நோட்டு என்ன சொன்னது?

ஆஷா அக்கா ஒரு யோசனை சொன்னார். "ஒரு நோட்டு போடும்மா. உனக்குத்தான் இப்போ எழுத வருதே! பையன் எங்கே போனாலும் அந்த நோட்டும் போகட்டும். எல்லாரும் அதிலேயே எழுதட்டும்."

அம்மா நான்கு கோடு போட்டாள். எப்போது, முன்னால் என்ன நடந்தது, பையன் என்ன செய்தான், பிறகு என்ன நடந்தது என்று தலைப்பு எழுதினாள். வீட்டில் நடந்ததை அவள் எழுதினாள். பள்ளியில் நடந்ததை ஆசிரியை எழுதினார்.

திங்கள், காலை 10.30. பள்ளி மணி அடித்தது. கையைக் கடித்தான். ஆசிரியை வெளியே அழைத்துப் போனார். அமைதியானான்.

திங்கள், இரவு 8. ரொட்டி சாப்பிட்டான். கையைக் கடித்தான். அழுதான். சாப்பாட்டைத் தள்ளினான்.

செவ்வாய், காலை 8. இட்லி சாப்பிட்டான். கடிக்கவில்லை.

செவ்வாய், பகல் 1. பள்ளியில் தட்டுச் சத்தம். கையைக் கடித்தான். வெளியே அழைத்துப் போனார்கள். அமைதியானான்.

புதன், இரவு 8. முறுக்குத் தின்றான். கையைக் கடித்தான். கன்னத்தில் அடித்துக்கொண்டான்.

இரண்டு வாரம் இப்படி எழுதினார்கள். பிறகு அந்த நோட்டை நடத்தை ஆய்வாளர் படித்தார். அவர் சொன்னது இது:

"இங்கே இரண்டு காரணம் தெரிகிறது. ஒன்று, சத்தம். சத்தம் வந்தால் கடிக்கிறான். கடித்தால் வெளியே அழைத்துப் போகிறார்கள். 'இங்கிருந்து என்னைக் கூட்டிப் போ' என்று சொல்ல அவனுக்கு வேறு வழி இல்லை. இன்னொன்று, கெட்டியான உணவைக் கடிக்கும்போது வருகிறது. மிருதுவான உணவில் வரவில்லை. பல்வலியாக இருக்கலாம். நான் முன்பு கவனிக்காதீர்கள் என்று சொன்னதை நிறுத்துங்கள். முதலில் பல் டாக்டர் பார்க்கட்டும்."

பல் டாக்டர் பார்த்தார். கடைவாய்ப் பல் சொத்தை. வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத குழந்தை கையைக் கடித்துச் சொல்லியிருக்கிறது!

அந்த வலியை யாரும் கவனிக்காமல் விட்டிருந்தால் அது எவ்வளவு கொடுமை?

பல் சரியானது. சத்தத்துக்கு என்ன செய்வது? இப்போது எல்லோரும் ஒரே திட்டத்தில் இறங்கினார்கள்.

பேச்சுப் பயிற்சியாளர் ஓர் அட்டை செய்தார். உள்ளங்கையை நீட்டிய படம். அம்மாவும் பாட்டியும் அதைப் பார்த்துப் "போதும்" என்பார்கள். ஆசிரியை கன்னடத்தில் "ஸாகு" என்பார். படம் ஒன்றுதான். பாட்டி தமிழிலேயே பேசட்டும் என்றும் அவர் சொன்னார். ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு இரண்டு பாஷை கேட்பதால் கெடுதல் வருவதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

ஓ.டி. காதை மூடும் கருவியைப் பழக்கினார். ஆசிரியை பையனை மணியிலிருந்து தள்ளி உட்கார வைத்தார். வெயில் படாத ஓர் அமைதியான மூலையையும் ஒதுக்கினார். நடத்தை ஆய்வாளர் எல்லோருக்கும் ஒன்று சொன்னார்: "அட்டையைக் காட்டினால் உடனே வெளியே அழைத்துப் போங்கள். பாடம் பாதியில் இருந்தாலும் சரி. சொன்னால் கேட்பார்கள் என்ற நம்பிக்கை அவனுக்கு வரவேண்டும்." டாக்டர் தூக்க மருந்தின் அளவைத் திரும்பப் பார்த்தார்.

மந்திரம் போட்டது போல எல்லாம் மாறிவிடவில்லை. பையனுக்குப் பேச்சு வரவில்லை. சில நாள் இன்னும் கடித்தான். ஆனால் கடிப்பது குறைந்தது. அட்டையைக் காட்டுவது கூடியது. கையில் இருந்த புண் ஆறியது.

6. இரண்டு தொழில் சேர்ந்து செய்த அட்டை

நம் கதை கற்பனை. ஆனால் அதில் வந்த அட்டைக்குப் பின்னால் உண்மையான வரலாறு உண்டு.

1985இல் அமெரிக்காவில் எட்வர்ட் கார், மார்க் டூரண்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அவர்கள் 4 குழந்தைகளைக் கவனித்தார்கள். பாடம் கடினமானபோது சிலர் தொல்லை செய்தார்கள். ஆசிரியர் கவனிக்காதபோது சிலர் தொல்லை செய்தார்கள். உதவி கேட்கவும், கவனிக்கச் சொல்லவும் கற்றுக் கொடுத்தார்கள். தொல்லை குறைந்தது. தொல்லை என்று நாம் நினைப்பது பல நேரம் ஒரு பேச்சுதான் என்று அந்த ஆய்வு காட்டியது.

அதே 1985இல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் இரண்டு பேர் சேர்ந்து வேலை செய்தார்கள். ஆண்டி பாண்டி நடத்தை ஆய்வைப் படித்தவர். லோரி ஃப்ராஸ்ட் பேச்சுப் பயிற்சியாளர். பேச்சு வராத குழந்தை ஒரு படத்தை எடுத்து இன்னொருவர் கையில் கொடுத்துத் தனக்கு வேண்டியதைக் கேட்கும் முறையை அவர்கள் உருவாக்கினார்கள். படிப்படியாக எப்படிக் கற்றுத் தருவது என்பது ஒருவர் அறிவு. சொல்லும் பேச்சும் எப்படி வளரும் என்பது இன்னொருவர் அறிவு. இரண்டும் சேர்ந்தன. இன்று பல நாடுகளில் அந்த முறை வழக்கத்தில் இருக்கிறது.

சென்னையிலும் இப்படி ஒன்று நடந்தது. வித்யாசாகர் என்ற நிறுவனம் 1985 முதல் ஊனமுற்ற குழந்தைகளோடு வேலை செய்கிறது. அங்குள்ள குழந்தைகளோடும் ஆசிரியர்களோடும் பழகி, அஜித் நாராயணன் என்ற பொறியாளர் "ஆவாஸ்" என்ற பேசும் கருவியை உருவாக்கினார். படத்தைத் தொட்டால் கருவி பேசும். பொறியாளர் மட்டும் அறையில் உட்கார்ந்திருந்தால் அது முடிந்திருக்காது.

7. செய்யக் கூடாதது

நடத்தையை மாற்றும் முறைக்கு ஒரு கசப்பான வரலாறும் உண்டு. அதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

1960களில் அமெரிக்காவில் ஐவர் லோவாஸ் என்பவர் ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுத்தார். பேசாத குழந்தைகளும் கற்க முடியும் என்று அவர் காட்டினார். ஆனால் அந்த நாட்களில் குழந்தைகளை அறைந்தார்கள். மின் அதிர்ச்சியும் கொடுத்தார்கள். இது பெரிய தவறு.

ஆட்டிசம் உள்ள பலர் இன்று பெரியவர்களாகி, தாங்களே பேசுகிறார்கள், எழுதுகிறார்கள். அவர்கள் என்ன சொல்கிறார்கள்? "கையை ஆட்டுவது எங்களுக்கு ஆறுதல். யாருக்கும் அதனால் கெடுதல் இல்லை. அதை ஏன் நிறுத்துகிறீர்கள்? கண்ணைப் பார்த்துப் பேசு என்று ஏன் வற்புறுத்துகிறீர்கள்? மற்றவர்களைப் போல நடிக்கவைத்தால் நாங்கள் உள்ளுக்குள் உடைந்து போகிறோம்" என்கிறார்கள்.

எனவே எந்தத் திட்டம் போட்டாலும் முதலில் ஒரு கேள்வி கேட்க வேண்டும். இது குழந்தைக்கு நல்லதா, அல்லது பார்ப்பவர்களுக்கு வசதியா? கையைக் கடித்தால் காயம் ஆகும். அதற்கு வழி தேட வேண்டும். கையை ஆட்டினால் யாருக்கு நஷ்டம்? விட்டுவிடலாமே.

அடிப்பது, கட்டிப் போடுவது, பட்டினி போடுவது, இருட்டறையில் அடைப்பது இவை எதுவும் பயிற்சி அல்ல. யார் செய்யச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். "ஆட்டிசத்தையே இல்லாமல் செய்கிறேன், இவ்வளவு பணம் கொடு" என்பவரையும் நம்பாதீர்கள்.

8. நமக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

பெங்களூரில் நிம்ஹான்ஸ் மருத்துவமனை இருக்கிறது. 1974இல் இந்தப் பெயரோடு அமைந்தது. அங்கே குழந்தைகளுக்குத் தனி மனநலப் பிரிவு உண்டு. மனநல டாக்டர், உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர் எனப் பலர் ஒரே கூரையின் கீழ் குழந்தையைப் பார்க்கிறார்கள்.

பெங்களூரிலேயே பிரதிபா காரந்த் என்ற பேச்சு மருத்துவ நிபுணர் 2000ஆம் ஆண்டில் காம் டீல் என்ற திட்டத்தைத் தொடங்கினார். 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கானது அது. பேச்சுப் பயிற்சியாளரும், ஓ.டி.யும், குழந்தை வளர்ச்சி தெரிந்தவரும் சேர்ந்தே ஒரு குழுவுக்குக் கற்றுத் தருகிறார்கள். அம்மாக்களும் அதில் பங்கு கொள்கிறார்கள்.

"பெங்களூர் போக முடியாதவர்கள் என்ன செய்வது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2013இல் கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் ஓர் ஆய்வு நடந்தது. ஆட்டிசம் உள்ள 65 குழந்தைகள் அதில் இருந்தார்கள். நிபுணர் அல்லாத சாதாரண சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பெற்றோர் குழந்தையோடு விளையாடுவதை அவர்கள் வீடியோ எடுத்தார்கள். பிறகு பெற்றோரோடு சேர்ந்து அதைப் பார்த்துப் பேசினார்கள். பெற்றோர் குழந்தையைப் புரிந்துகொண்டு பதில் சொல்வது கூடியது. குழந்தைகளும் தாங்களாகப் பேச்சைத் தொடங்குவது கூடியது. நிபுணர் வழி காட்ட, ஊரில் இருப்பவர் கை கொடுத்தால் நல்லது நடக்கும் என்று இது காட்டுகிறது.

கர்நாடகத்தில் கிராமப் பஞ்சாயத்துகளுக்கு ஊனமுற்றோர் நலனுக்காகக் கிராமப் புனர்வாழ்வு ஊழியர் இருக்கிறார். தாலுகாவில் அவருக்கு மேல் ஓர் ஊழியர் இருக்கிறார். கல்வித் துறையில் சிறப்பு உதவி ஆசிரியர்கள் உண்டு. இவர்களைக் கேளுங்கள். பெங்களூர் நிபுணரோடு மாதம் ஒருமுறை போனில் பேச ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். ஒரு போன் பேச்சு ஒருநாள் கூலியைக் காப்பாற்றும்.

பூதிகோட்டைப் பெண்களுக்குச் சேர்ந்து பேசுவது புதிது அல்ல. 2003இல் இங்கே "நம்ம த்வனி" என்ற ஊர் வானொலி கேபிள் வழியாகத் தொடங்கியது. சுயஉதவிக் குழுப் பெண்கள் மைக் முன்னால் உட்கார்ந்து தங்கள் பிரச்சினைகளைப் பேசினார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தையின் தாய் தன் சங்கத்தில் வாய் திறந்து பேசலாம். மறைத்து வைக்க இதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

9. சட்டம் என்ன தருகிறது?

1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம் உள்ளவர்களையும் சேர்த்துக்கொண்டது. அந்த அறக்கட்டளையின் "நிராமயா" காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு உதவும். பயிற்சிச் செலவுக்கும் ஒரு வரம்பு வரை தருவார்கள்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. ஆட்டிசம் அதில் ஒன்று. குறிப்பிட்ட அளவு குறைபாடு உள்ளவர் என்று சான்றிதழ் பெற்ற குழந்தைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெற உரிமை உண்டு. அருகில் உள்ள பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ படிக்கலாம்.

2013 முதல் அரசின் பால சுகாதாரத் திட்டத்தில் அங்கன்வாடியிலும் அரசுப் பள்ளியிலும் குழந்தைகளைச் சோதிக்கிறார்கள். அந்தக் குழு வரும்போது உங்கள் சந்தேகத்தைத் தயங்காமல் கேளுங்கள்.

உதவுபவர் முறையாகப் படித்தவரா என்றும் கேட்கலாம். மருத்துவ உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர், சிறப்பு ஆசிரியர் ஆகியோருக்கு இந்தியப் புனர்வாழ்வுக் கவுன்சிலில் பதிவு உண்டு. பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. ஓ.டி., நடத்தை ஆய்வாளர் ஆகிய தொழில்கள் 2021இல் வந்த துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்தின் பட்டியலில் இருக்கின்றன.

10. நினைவில் வைப்போம்

• முதலில் வலி உண்டா என்று பார்க்க வேண்டும். பிறகுதான் நடத்தை.

• ஒரே நேரத்தில் ஒன்று அல்லது இரண்டு குறிக்கோள் போதும்.

• வீடு, பள்ளி, பயிற்சி மையம் எல்லா இடத்திலும் ஒரே அட்டை, ஒரே முறை.

• ஒருவர் சொல்வதற்கு எதிராக இன்னொருவர் சொன்னால், இருவரையும் பேசிக்கொள்ளச் சொல்லுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

• திட்டத்தை எப்போது திரும்பப் பார்ப்பது என்று தேதி குறித்துக்கொள்ளுங்கள். பயன் இல்லாவிட்டால் மாற்றுங்கள்.

• நோட்டு குடும்பத்தின் சொத்து. உங்கள் சம்மதம் இல்லாமல் யாரும் அதை மற்றவருக்குக் காட்டக் கூடாது.

• குழந்தை "வேண்டாம்" என்று சொன்னால் அதுவும் ஒரு பேச்சு. அதையும் கேட்க வேண்டும்.

பேசுவோம்

1. கதையில் வந்த அம்மாவுக்கு எத்தனை பேர் யோசனை சொன்னார்கள்? யார் சொன்னது யாருக்கு எதிராக இருந்தது?

2. பையனுக்குப் பல்வலி என்று எப்படித் தெரிந்தது? நோட்டில் எந்த வரிகள் அதைக் காட்டின?

3. நோட்டு எழுத அம்மாவுக்குத் தெரியாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

4. உங்கள் ஊரில் இப்படிப்பட்ட குழந்தை இருந்தால், பள்ளியில் சேர்த்துக்கொள்ள நீங்கள் என்ன செய்வீர்கள்?

செய்து பார்ப்போம்

ஒரு தாளில் நான்கு கோடு போடுங்கள். எப்போது, முன்னால், செய்தது, பிறகு என்று தலைப்பு எழுதுங்கள். உங்கள் வீட்டுக் குழந்தை எது ஒன்றுக்கு அழுகிறது என்று மூன்று நாள் எழுதுங்கள். நான்காம் நாள் அதைச் சத்தமாகப் படியுங்கள். அழுகைக்குக் காரணம் தெரிகிறதா என்று மையத்தில் மற்றவர்களோடு பேசுங்கள்.